ஜய ஜய ஜய ஜய ஹே (2022): உதையை ஒரு ஓரமாக வைத்துவிட்டு சம்மதத்தைப் பேசலாமா?

நூல்புட்டு (இழையைத் தொடங்கியவர்)

விபின் தாஸ் இயக்கி, 2022 அக்டோபர் 28 அன்று திரைக்கு வந்த மலையாளப் படம். ஜயாவாக தர்ஷனா ராஜேந்திரன், அவள் கணவன் ராஜேஷாக பேசில் ஜோசப். எங்கே பேச்செடுத்தாலும், அடிக்கும் கணவனை ஜயா திருப்பி உதைக்கும் அந்த முதல் உதையில் போய் நின்றுவிடுகிறது. வாட்ஸப்பில் சுற்றுவதும் அதுதான். ஆனால் அந்த உதைக்கு முன்னால் இருக்கும் முக்கால் மணி நேரத்தில், அந்தப் பெண்ணிடம் யாராவது எதையாவது கேட்டார்களா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே பாருங்கள். பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

என்ன படிப்பு, எந்தக் கல்லூரி என்பதை வீட்டார் முடிவு செய்கிறார்கள். கல்லூரியில் முற்போக்கு பேசும் ஆசிரியர் (அஜு வர்கீஸ்) காதலராகிறார், அடுத்த நாளிலிருந்து அவள் உடையையும் பேச்சையும் அவர் முடிவு செய்கிறார். விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் அவசர அவசரமாகக் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு படிக்கலாம் என்று ஒரு வாக்குறுதி, அப்புறம் அது அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளிப்போகிறது. காலையில் என்ன சமைப்பது? ராஜேஷுக்கு இடியாப்பம். தினமும்.

இதில் எந்த இடத்திலும் யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் அவள்மேல் பாசம். படத்தின் கெட்டிக்காரத்தனமே அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. சட்டம், மொழி, சண்டை, சமையல், கோழி என்று ஆளுக்கொரு துறை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். காட்சி காட்சியாகப் பிரிப்போம். முடிவு வரை பேசுவோம், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

எதிர்க்கேள்வி

படம் ஜாலியான படம். சம்மதம், அதிகாரம் என்றெல்லாம் ஏற்றிப் பார்க்க வேண்டுமா? அவன் அடித்தான், அவள் திருப்பி அடித்தாள், தியேட்டர் கைதட்டியது. இடியாப்பம் பிடிக்கும் என்று சொல்வது ஒரு குற்றமா நண்பரே?

அடுப்படி

இடியாப்பம் பிடிக்கும் என்பது குற்றமில்லை. அதைத் தினமும் பிழிவது எத்தனை மணி நேர வேலை என்று தெரியாமல் பிடித்திருப்பதுதான் விஷயம். கணக்கைச் சொல்கிறேன்.

வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு மூன்று என்றால் 15 இடியாப்பம். பச்சரிசி மாவு சன்னமாகச் சலித்து, நிறம் மாறாமல் வறுத்தது. ஒரு கப் மாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கப் தண்ணீர், மாவு எவ்வளவு வறுபட்டது என்பதைப் பொறுத்து. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்ற வேண்டும். உப்பு, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய், மரக்கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். இங்கேதான் தவறு நடக்கும். தண்ணீர் கொதி அடங்கிய பிறகு ஊற்றினால் மாவு வேகாது, பிழியும்போது இழை அறுந்து அறுந்து விழும். தண்ணீர் கூடினால் அச்சு ஓட்டையிலேயே அப்பிக்கொள்ளும். மாவு ஆறிவிட்டால் அச்சை எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது, மணிக்கட்டு கழன்றுவிடும்.

கேரளத்தில் அந்தக் குழலுக்கு சேவநாழி என்று பேர். முறுக்கிப் பிழியும் பித்தளைக் குழல் பல வீடுகளில் உண்டு. ஒரு தடவை நிரப்பினால் நான்கு, ஐந்து விழும். 15க்கு மூன்று நான்கு தடவை நிரப்ப வேண்டும். தட்டில் தேங்காய்த் துருவல் தூவி, அதன்மேல் பிழிந்து, எட்டு முதல் பத்து நிமிடம் ஆவியில். அடுக்குப் பாத்திரம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் இரண்டு ஈடு. கூடவே கறி. கடலைக் கறி என்றால் முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும், அதாவது நாளைய சாப்பாடு நேற்றே முடிவாகியிருக்க வேண்டும். எல்லாம் முடிந்து குழலின் அடித்தட்டு ஓட்டைகளில் காய்ந்த மாவை ஊசியால் குத்திக் கழுவ இன்னொரு பத்து நிமிடம். பழகின கைக்கே முழுசாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தோசை என்றால் மாவு இருக்கும், ஊற்றிக்கொண்டே போகலாம், இரண்டு நாள் ஓடும். உப்புமா 15 நிமிடம். இடியாப்பம் அப்படி இல்லை, அன்றைக்கு அன்றைக்குத்தான். எழுத்தாளர்கள் எத்தனையோ பலகாரத்தை விட்டுவிட்டு இதைப் பிடித்தது சும்மா இல்லை.

நூல்புட்டு

இது தங்கம். இன்னொன்று, பிழிவது வேலையாகவே கண்ணில் படாத பலகாரமும் கூட. தட்டில் பூ மாதிரி வந்து உட்காரும். சாப்பிட ஒரு நிமிடம்.

டப்பிங்_மேசை

மொழிப் பக்கம் ஒன்று. தமிழ்க் குரலில் பார்த்தவர்களுக்கு ஒரு அடுக்கு முழுதாகத் தெரியாது. இது டப்பிங்காரர்கள் குற்றமில்லை, மொழியின் அமைப்பு அப்படி.

மலையாள வினைச்சொல்லில் ஆள் தெரியாது. வந்தான், வந்தாள், வந்தார் எல்லாவற்றுக்கும் ‘வந்நு’தான். மரியாதை முழுக்க விளிப்பெயரிலும் பிரதிப்பெயரிலும் உட்கார்ந்திருக்கும். ஜயா ‘ராஜேஷேட்டன்’ என்று சொல்வதில் கணவன், மூத்தவன், மரியாதை மூன்றும் அந்த ‘ஏட்டன்’ ஒன்றுக்குள் இருக்கிறது. அவன் அவளை ‘எடீ’ என்று கூப்பிட்டால் நம் ‘ஏய், அடியே’க்குப் பக்கத்தில் வரும். அவளுக்கு மனசுக்குள் மரியாதை போய்விட்டது என்றால் மலையாளத்தில் அந்த ஏட்டனை மட்டும் சத்தமில்லாமல் உதிர்த்துவிட்டுப் பேசலாம், வினை காட்டிக்கொடுக்காது.

தமிழில் ஒளிய இடமில்லை. ‘சொன்னீங்க’ என்றால் ஒன்று, ‘சொன்ன’ என்றால் இன்னொன்று. ஒவ்வொரு வினைமுற்றிலும் டப்பிங் எழுதுபவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். ‘என்னங்க’வில் தொடங்கினால் அவள் எந்த வரியில் ‘ங்க’வை விடுகிறாள் என்பது தனி நாடகமாகிவிடும். மூலத்தில் அது கண்ணிலும் மௌனத்திலும் நடப்பது. தர்ஷனா பேசாமல் செய்வதைத் தமிழ் வினைமுற்று முந்திக்கொண்டு சொல்லிவிடும்.

நடுவில் ‘அயாள்’ என்று ஒரு சொல் மலையாளத்தில் உண்டு. அவன் அளவுக்குத் தாழ்வும் இல்லை, அவர் அளவுக்கு உயர்வும் இல்லை, ஒரு எட்டத்தில் நிற்கும் சொல். நமக்கு ‘அந்த ஆள்’ என்று இழுத்தால்தான் உண்டு, அதில் எரிச்சல் ஏறிவிடும்.

எதிர்க்கேள்வி

அப்போ ‘சம்மதம்’?

டப்பிங்_மேசை

அது இரண்டு மொழியிலும் ஒன்றே, சம்ஸ்கிருத வழி. ஆனால் புழங்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு ஊரிலும் அன்றாடத்தில் இந்தச் சொல்லை அதிகமாகக் கேட்பது கல்யாணப் பேச்சில்தான். ‘பொண்ணுக்குச் சம்மதமாம்’. சொல்வது பொண்ணு இல்லை, மாமாவோ அத்தையோ. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் நிச்சயச் சடங்குக்கே ‘மனஸ்ஸம்மதம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மனசின் சம்மதம். தேவாலயத்தில் எல்லோர் முன்னும் அவளிடம் கேட்கிறார்கள், அவளும் சரி என்கிறாள். பந்தல் போட்டு, பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்த பிறகு வேறென்ன சொல்வாள் என்பது தனிக் கேள்வி. ஜயாவின் வீடு இந்து வீடு, அங்கே இந்தச் சடங்கு கிடையாது. பெண்ணுகாணல், அதாவது பெண் பார்ப்பது, மட்டும் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் ஐந்து நிமிடம் தனியாகப் பேசலாம், அதுதான் அவளுக்குக் கிடைக்கும் மொத்த நேரம்.

குடும்பநல_வழக்கு

இனி சட்டம். எதிர்க்கேள்வி நண்பர் கேட்டார், ஏற்றிப் பார்க்க வேண்டுமா என்று. இந்தப் படம் வந்த நேரத்தைப் பாருங்கள்.

2021 ஜூலை 30இல் கேரள உயர் நீதிமன்றம், மனைவியின் உடல்மீது அவள் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் கணவன் நடந்துகொள்வது தண்டனைச் சட்டத்தில் குற்றமாக இல்லாவிட்டாலும், கொடுமை என்ற வகையில் விவாகரத்துக்குக் காரணமாகும் என்று சொன்னது. 2022 மே 11இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதே விஷயத்தில் இரு நீதிபதிகள் இரு திசையில் தீர்ப்பெழுதினார்கள். மனைவியிடம் கணவன் நடந்துகொள்வது வன்புணர்வு ஆகாது என்று சட்டத்தில் உள்ள விதிவிலக்கு செல்லாது என்றார் நீதிபதி ராஜீவ் ஷக்தேர், நீதிபதி ஹரி சங்கர் செல்லும் என்றார். 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புச் சட்டத்தைப் பொருத்தமட்டில் வன்புணர்வு என்ற சொல் கணவன் செய்வதையும் உள்ளடக்கும் என்றது. படம் வந்தது அதற்குச் சரியாக 29 நாள் கழித்து.

விதிவிலக்கு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் வன்புணர்வு பற்றிய பிரிவு 375இன் இரண்டாம் விதிவிலக்கு, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 63இன் இரண்டாம் விதிவிலக்கு. 2017இல் உச்ச நீதிமன்றம் மனைவியின் வயது வரம்பை 15இலிருந்து 18க்கு உயர்த்தியது, அவ்வளவுதான் மாற்றம். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கி, தலைமை நீதிபதி ஓய்வு பெற இருந்ததால் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், அதே பிரிவு சம்மதத்துக்கு நல்ல விளக்கம் தருகிறது. ஐயத்துக்கு இடமில்லாமல், தானே முன்வந்து, சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பது. உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் ஆகிவிடாது. இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டு, மனைவி வரும் இடத்தில் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள்.

எதிர்க்கேள்வி

ஜயா அடிவாங்கிய முதல் வாரத்திலேயே சட்டப்படி போயிருந்தால் என்ன செய்திருக்க முடியும்? நடைமுறையைச் சொல்லுங்கள், பிரிவு எண் மட்டும் வேண்டாம்.

குடும்பநல_வழக்கு

எண்ணும் வேண்டும், காகிதத்தில் அதைத்தான் எழுதுவார்கள்.

நேராகக் காவல் நிலையம் போய் ‘அறைந்தார்’ என்று மட்டும் சொன்னால், அது பழைய 323, சாதாரணக் காயம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் இல்லை. பேசி அனுப்பிவிடுவார்கள். நிறையப் பேர் இங்கேயே வழி தவறுகிறார்கள். 498ஏ (இப்போது 85, 86) கணவனோ அவன் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கு, மூன்றாண்டு வரை சிறை. ஆனால் 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்புக்குப் பிறகு உடனடிக் கைது வழக்கமில்லை, நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடுவார்கள்.

தினசரி வாழ்க்கைக்கு உதவுவது 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ளது. அடி மட்டுமில்லை, பாலியல், வாய்ச்சொல், மனம், பணம் எல்லாமே வன்முறைக் கணக்கில் வரும். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவர் படிவம் 1இல் சம்பவ அறிக்கை எழுதுவார். 12ஆம் பிரிவு மனு படிவம் 2இல் மாஜிஸ்திரேட்டுக்கு. இடைக்கால உத்தரவு உடனே வேண்டும் என்றால் படிவம் 3, பிரமாணப் பத்திரம். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முழு மனுவும் 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் 60 நாள் பல மாதமாக நீளும், அதனால்தான் இடைக்கால மனுவை விடக்கூடாது.

எங்கே கோட்டை விடுகிறார்கள்? படிவம் 1இல் தேதி, இடம், என்ன செய்தார் என்ற கட்டங்கள் இருக்கும். ‘அடிக்கடி அடிப்பார்’ என்று ஒற்றை வரி எழுதினால் மனு பலவீனம். இன்ன தேதி, சமையலறை, வலது கன்னம், காரணம் இன்னது என்று ஒவ்வொன்றும் தனி வரி. மருத்துவமனைக்குப் போனால் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சீட்டே பிறகு எதிர்த்தரப்பு ஆவணமாகிவிடும்.

ஜயா இருப்பது ராஜேஷின் குடும்ப வீட்டில், மாமியார் கூடவே. வீடு மாமியார் பெயரில் என்று வெளியே அனுப்ப முடியாது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில், மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீடும் பகிர்ந்துறையும் இல்லம் (மனைவிக்குக் குடியிருக்க உரிமையுள்ள வீடு) ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016இல் ஹிரல் ஹர்சோரா வழக்குக்குப் பிறகு பெண்களையும் எதிர்மனுதாரர் ஆக்கலாம். கேரளத்தில் 181 அழைத்தால் ‘மித்ரா’ உதவி எண், தமிழ்நாட்டிலும் 181தான்.

நூல்புட்டு

நீதிமன்றக் காட்சி எவ்வளவு சரி? நீதிபதியாக வரும் மஞ்சு பிள்ளை கேட்கும் அந்தக் கேள்வி.

குடும்பநல_வழக்கு

சினிமா சுதந்திரம் எடுத்திருக்கிறார்கள், ஆனால் ஆதாரமே இல்லாமல் இல்லை. 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டம் 9ஆம் பிரிவு, சமரசத்துக்கு முயல்வது நீதிபதியின் கடமை என்கிறது. 13ஆம் பிரிவுப்படி வக்கீல் வைப்பது உரிமையாகக் கிடைக்காது, அனுமதி கேட்க வேண்டும். அதனால் நீதிபதி நேராகக் கட்சிக்காரர்களிடம் பேசுவது நடக்கிற காரியம். நடைமுறையில் அதற்கு முன்னால் கவுன்சிலர் அறையில் பல அமர்வுகள் ஓடியிருக்கும், அதைப் படம் தாண்டிவிடுகிறது. குடும்பமே வரிசையில் நின்று கருத்துச் சொல்வதும் சினிமாதான், இரு தரப்பில் ஒருவர் கேட்டாலே மூடிய அறையில் விசாரிக்க வேண்டும்.

காட்சி தப்பிப்பது எதனால் என்றால், ஒரு பெண்ணுக்கு வேண்டிய மூன்று என்ன என்ற கேள்விக்கு ஜயா சொல்லும் நீதி, சமத்துவம், சுதந்திரம் மூன்றும் அரசமைப்பின் முகப்புரையில் அப்படியே இருக்கின்றன. தேசியகீதத்தின் கடைசி வரியைப் படத்துக்குப் பெயராக வைத்தவர்கள் அங்கே போய் முட்டுவது பொருத்தம். ஆனால் எழுத்தாகப் பார்த்தால் கொஞ்சம் பள்ளிக்கூட வாசனை. அதுவரை சொல்லாமல் சொல்லிவந்த படம் அங்கே பலகையில் எழுதிப் போடுகிறது.

கால்வீச்சு

உதையைத் தள்ளி வைக்கச் சொன்னீர்கள், கொஞ்சம் பேசிவிடுகிறேன். ஜயா மாதிரி அலைபேசிப் பாடத்தைப் பார்த்து தற்காப்பு கற்க முடியுமா? பாதி முடியும்.

முன்னுதை நான்கு அசைவு. முழங்காலை மார்பு நோக்கித் தூக்குவது, இடுப்பை முன்னே தள்ளுவது, கால் விரல்களைப் பின்னால் மடக்கி முன்பாதத்தால் இடிப்பது, காலை அதே வழியில் மடக்கி இழுப்பது. இதில் முதலும் நான்காவதும் கண்ணாடி முன் தனியாகப் பழகிவிடலாம். இரண்டாவது வராமல் வெறும் காலால் தட்டுபவர்கள்தான் அதிகம், எதிராளி அசைய மாட்டான், உதைத்தவர் பின்னால் சாய்வார். விரல் மடக்காவிட்டால் பெருவிரல் சுளுக்கும். ஈர டைல்ஸ் தரையில் ஊன்றிய கால் வழுக்கும். எல்லாவற்றையும் விட தூரம். எதிரே ஆள் நிற்காமல் கற்றவருக்குத் தூரம் பிடிபடாது, ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ போகும். வீடியோவால் கற்றுத்தர முடியாதது அதுதான்.

சரியாக விழுந்தால் எதிர்பாராமல் நிற்கும் ஆண் இரண்டடி பின்வாங்கி உட்காருவான். பறக்க மாட்டான். திரையில் பறப்பதற்கு வழக்கமாகச் சட்டைக்குள் பெல்ட் கட்டி, முதுகுப் பக்கம் ரோப் போட்டு, உதை படும் நொடியில் பின்னாலிருந்து இழுப்பார்கள். கீழே மெத்தை. பிறகு கயிற்றைக் கணினியில் அழிப்பார்கள். இழுப்பு ஒரு இமை முந்தினாலும் சிரிப்பு போய்விடும், உதைக்கு முன்பே பறப்பது போல் தெரியும். பேசில் ஜோசப் தானே இயக்குநர், பெண் மல்யுத்தம் வைத்து 2017இல் ‘கோதா’ எடுத்தவர். அடிவாங்கும் பக்கத்தின் நேரக்கணக்கு அவருக்குக் கைவந்த கலை. அறை விழும் காட்சிகளில் சிரிப்பு வராமலும், உதை விழும் காட்சியில் சிரிப்பு வரும்படியும் அந்த ஒரே முகம்தான் வேலை செய்கிறது.

எதிர்க்கேள்வி

அவள் உதைத்தது சட்டப்படி சரியா? தற்காப்பு உரிமை என்று சொல்லிவிடலாமா?

குடும்பநல_வழக்கு

கை ஓங்கும் நேரத்தில் என்றால் சரி. பழைய 96 முதல் 106 வரை, இப்போது 34 முதல் 44 வரை. ஆபத்து பற்றிய நியாயமான அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்கும், அச்சம் தீர்ந்ததும் முடிந்துவிடும். அடித்துவிட்டு அவன் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது போய் உதைத்தால் அது பழிவாங்கல். முதல் உதையில் அவளுக்கு வாதம் இருக்கிறது. பிற்பாடு வீடே களமாகும் காட்சிகளில் இருவர்மீதும் வழக்கு வரும்.

கால்வீச்சு

கூடவே ஒரு எச்சரிக்கை. திருப்பி அடித்தால் அடங்கிவிடுவான் என்பது நகைச்சுவைப் படத்தின் விதி. நிஜத்தில் அடுத்த முறை கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு வருவான். கற்பதாக இருந்தால் முதலில் கற்க வேண்டியது பிடியிலிருந்து விடுபடுவதும், கதவுப் பக்கம் நிற்பதும். சமையலறை கூடாது, வாசல் ஒன்று, கத்தி பத்து.

மருந்துச்சீட்டு

இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. அடித்து ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் ராஜேஷுக்கு அனி (அசீஸ் நெடுமங்ஙாடு) வழியாக வரும் யோசனை, அவளைக் கர்ப்பமாக்கிவிட்டால் அடங்கிவிடுவாள் என்பது. அவன் நல்லவனாக மாறியது போல் நடிக்கிறான். அவளும் நம்புகிறாள். சம்மதம் பற்றிய படம் என்று இதைச் சொல்ல ஒரே ஒரு காட்சி போதும் என்றால் இதுதான். இங்கே அவள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சரி என்றுதான் சொன்னாள். எதற்குச் சரி சொல்கிறோம் என்பதுதான் அவளிடமிருந்து மறைக்கப்பட்டது.

எதிர்க்கேள்வி

இதை ஒத்துக்கொள்கிறேன். முதலில் பார்த்தபோது அதைச் சிரிப்புச் சதித்திட்டமாகத்தான் கடந்துபோனேன்.

குடும்பநல_வழக்கு

பயத்தாலோ, விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதாலோ கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை என்று பழைய 90 (இப்போது 28) சொல்கிறது. ஆனால் கணவன் மனைவிக்குள் அந்த வழியே மேலே சொன்ன விதிவிலக்கு அடைத்துவிடுகிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல், மனரீதியான வன்முறை என்று வாதாடலாம். விவாகரத்தில் கொடுமை என்று வாதாடலாம். மிஞ்சுவது அவ்வளவே.

மருந்துச்சீட்டு

மருத்துவமாக இரண்டு விஷயம். படத்தில் ஜயாவின் கரு கலைந்ததும் ‘குதித்தாள், உதைத்தாள், அதான் போச்சு’ என்று பார்வையாளர்களே சொல்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால். உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை தானாகக் கலையும். சாதாரண உடற்பயிற்சியோ, மாடிப்படி ஏறுவதோ காரணமாகாது. அந்தத் திரைக்கதைத் திருப்பம் எனக்குப் பிடிக்கவில்லை, அவள் என்ன முடிவு செய்வாள் என்று எழுதியவர்கள் எழுத வேண்டியிருந்த இடத்தில் இயற்கையை வைத்து முடித்துவிட்டார்கள். சம்மதம் பற்றிய படத்தில் அந்த ஒரு முடிவு மட்டும் அவள் கையில் கொடுக்கப்படவில்லை.

இரண்டாவது, அவளே கலைக்க முடிவு செய்திருந்தால்? 2021 செப்டம்பர் 24 முதல் நடப்பில் உள்ள கருக்கலைப்புச் சட்டத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து, குறிப்பிட்ட வகையினருக்கு 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர் கருத்து. 18 வயது நிறைந்தவள் என்றால் படிவம் சி-யில் அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் பல இடங்களில் வரவேற்பு மேசையிலேயே ‘வீட்டுக்காரரைக் கூட்டி வாங்க’ என்பார்கள், பின்னால் தகராறு வராமல் இருக்க என்று காரணம் சொல்வார்கள். காப்பர்-டி போடுவதற்கும் இதே கதைதான். எழுத்தில் மறுப்புத் தரச் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

டப்பிங்_மேசை

படிவத்திலும் ‘சம்மதம்’தான் அச்சடித்திருப்பார்கள், பாருங்கள். கல்யாணத்துக்கு மாமா சொன்ன அதே சொல்.

நூல்புட்டு

முடிவுக்கு வருவோம். ராஜேஷ் நடத்துவது கோழிப்பண்ணை. கடைசியில் ஜயா நிற்பதும் அதே கோழித் தொழிலில். இது நம்பும்படி இருக்கிறதா? பண்ணைக்காரர்கள் சொல்ல வேண்டும்.

பல்லடம்_பண்ணை

வந்துட்டோமுங்க. கேரளத்துக் கறிக்கோழிக்கும் நம்ம பக்கத்துக்கும் உள்ள உறவு பழசு. கோயமுத்தூர், பல்லடம், உடுமலைப் பக்கமிருந்து லாரி லாரியா அங்க போகுது. பல்லடத்துல கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற பண்ணை விலையத்தான் அங்கயும் கவனிக்கிறாங்க. நாமக்கல் முட்டைக்கு, பல்லடம் கறிக்கு.

ஆயிரம் குஞ்சுக் கணக்கு சொல்றேன். ஆயிரம் சதுர அடி கொட்டகை, கோழிக்கு ஒரு சதுர அடி. நெல் உமி அல்லது தேங்காய் நார்த்தூள் ரெண்டு, மூணு அங்குலம் பரப்பணும். ஒரு நாள் குஞ்சு 40 கிராம் இருக்கும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு, வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கணும். சூடு போதுமான்னு தெர்மாமீட்டரை விட குஞ்சு நல்லாச் சொல்லும். பல்புக்கடியில குவிஞ்சா குளிர், ஓரத்துல ஒதுங்கி வாயைத் திறந்தா சூடு, பரவி மேஞ்சா சரி. தடுப்பு மருந்துன்னா ஏழாம் நாளுக்குள்ள லசோட்டா, 14ஆம் நாள் கம்போரோ, நாலாம் வாரத்துக்குள்ள லசோட்டா மறுபடி. 40, 42 நாள்ல ரெண்டு கிலோ. ஒரு கிலோ எடைக்குத் தீவனம் 1.6, 1.7 கிலோ, ஆக ஆயிரம் கோழிக்கு மூணே கால் டன்னு, 50 கிலோ மூட்டையில 65 மூட்டை. சாவு நூத்துக்கு நாலு, அஞ்சுக்குள்ள நிக்கணும்.

கேரளத்துல எதுல அடி வாங்குவாங்கன்னா மழைக்காலத்துல. ஆனி ஆடியில காத்து ஈரம், உமி கட்டி தட்டிப்போகும், அம்மோனியா கிளம்பும், கண்ணு எரியும், ரத்தக்கழிச்சல் வரும். தினமும் உமியைக் கிளறி விடறது, நனைஞ்சதை அள்ளிட்டுச் சுண்ணாம்பு கலந்து போடறது, தண்ணிக் குழாய் ஒழுகாமப் பாக்கறது. பண்ணை லாபமே இந்த மூணு வேலைலதான் இருக்குது. இத யாரு செய்யறாங்கன்னு எந்தப் பண்ணைக்கும் போய்ப் பாருங்க. பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைகதான். அதனால அவ தொழில்ல ஜெயிச்சது எனக்கு ஆச்சரியமே இல்லீங்க.

எதிர்க்கேள்வி

அப்படியானால் வேலை தெரிந்த எல்லாப் பெண்களும் முதலாளி ஆகியிருக்க வேண்டுமே?

பல்லடம்_பண்ணை

அங்கதாங்க சிக்கல். ஒப்பந்தப் பண்ணையில குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனி குடுக்கும். நாம கொட்டகை, கரண்டு, தண்ணி, ஆள். கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. ஒப்பந்தம் நிலம் யார் பேர்லயோ அவங்க கூட. கூலி அந்த வங்கிக் கணக்குக்குப் போகும். உமி கிளறினவங்க பேரு எந்தக் காகிதத்துலயும் இருக்காது. பேரை மாத்தணும்னா நிலக்காரர் கிட்ட கொட்டகைக்கு வாடகை ஒப்பந்தம் எழுதி வாங்கணும், கரண்டு இணைப்புல பேரு, தனி வங்கிக் கணக்கு, அப்பறம் கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்து. நாலும் குஞ்சு இறங்கறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். இறங்கிட்டா அந்த 42 நாளைக்குப் பழைய கணக்குக்குத்தான் பணம் போகும், கேட்டா ‘அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்’பாங்க.

நூல்புட்டு

‘அடுத்த வருஷம் படிக்கலாம்’ மாதிரியே.

பல்லடம்_பண்ணை

அதேதானுங்க. படத்துல அந்தக் காகித வேலையக் காட்டல, ஒரே தாவா தாவிட்டாங்க. ஒரு காட்சி வெச்சிருக்கலாம், கரண்டாபீஸ்ல பேரு மாத்த நிக்கற மாதிரி. அதுக்கு எந்த ஊர்லயும் ரெண்டு நடை கொறையாது.